வேலுத்தாயின் ஹால் டிக்கெட்

செத்துப்போன சிநேகிதிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை பரீட்சைப் பணம் கட்டுகிறவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை. ராஜபாளையத்தில் நிச்சயமாக ஒருத்தி இருந்தாள். பெயர் தங்கபாய். வயது இருபத்தெட்டு. நூற்பாலையில், நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பிரிவில் எட்டு வருஷமாக வேலை. படிப்பு பி.ஏ. வரலாறு, அஞ்சல் வழி.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தபால்காரர் அவள் வீட்டு வாசலில் இரண்டு பழுப்பு உறைகளைப் போட்டுவிட்டுப் போவார். அன்று சாயங்காலம் தங்கபாய் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். முதல் படிவத்தில் தன் பெயர், பதிவெண் 1146, தேர்வு மையம் ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டாவது படிவத்தில் வேலுத்தாய், பதிவெண் 1147, மையம் அதே. கையெழுத்து போடுகிற இடம் வந்ததும் பேனா கொஞ்சம் நிற்கும். பிறகு இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில், வால் நீட்டி, வேலுத்தாய் போடுவது போலவே போட்டுவிடுவாள். இரண்டையும் ஒரே உறையில் வைத்து ஒட்டி, மறுநாளே பதிவுத் தபாலில் சேர்ப்பாள்.

ஒரே உறை என்பது வேலுத்தாயின் யோசனைதான். 1985இல் இருவரும் சேர்ந்து பதிந்தபோது அவள் சொன்னாள்: "ஏட்டி, ஒரே கவர்ல போட்டாத்தான் அடுத்தடுத்த நம்பர் வரும். அடுத்தடுத்த நம்பர் வந்தா முன்னும் பின்னும் ஒக்காரலாம். நீ கொஞ்சம் ஒதுங்கி ஒக்காந்தேன்னா எனக்கு ஒரு டிகிரி கெடச்ச மாதிரி." சொல்லிவிட்டு ரீலிங் பிரிவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். படத்துக்கு இருவரும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ஆளுக்கு எட்டுப் பிரதி. படிவ வேலை எல்லாம் தங்கபாய் தலையில் என்பதால் வேலுத்தாய் ஒரே ஒரு பிரதியை மட்டும் அம்மாவிடம் காட்ட எடுத்துக்கொண்டு, மிச்ச ஏழையும் இவளிடமே கொடுத்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புக்காரி செத்தது 1987 மே மாதம், ஒரு சனிக்கிழமை. தங்கபாய்க்கு அந்தச் சனிக்கிழமையை விட அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் கொடுமை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் தாள், ஐரோப்பிய வரலாறு. முகூர்த்த மாதம், பாதிப் பேர் லீவில் போயிருந்தார்கள். மேஸ்திரி சௌந்தரபாண்டியன் இருவரையும் கூப்பிட்டு, "ஒருத்திதான் போவலாம். ரெண்டு பேரும் போனீங்கன்னா நான் மிஷின நிப்பாட்டிட்டு ஒங்க கூடப் பரிச்சை எழுதத்தான் வரணும்" என்றார். யார் போவது? இருவருமே "நீ போ" என்று வாயால் சொன்னார்கள். மனசால் இருவரும் சொல்லவில்லை. கடைசியில் மில் வாசல் பிள்ளையார் முன்னால் சீட்டுப் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அந்த மில்லில் தீராத எதுவும் அங்கேதான் தீரும். வேலுத்தாய் போய் டீக்கடை நாச்சியாரைக் கூட்டிவந்தாள், சீட்டு எடுத்துக்கொடுக்க. அதற்குள் தங்கபாய் சீட்டு எழுதினாள்.

இரண்டு துண்டுக் காகிதத்திலும் 'தங்கபாய்' என்று எழுதினாள்.

ஏன் எழுதினாய் என்று பிற்பாடு அவள் தன்னையே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். மூன்று மாதமாக ராப்பகலாகப் படித்த தாள். வேலுத்தாய் பாதிகூடப் படிக்கவில்லை. அக்டோபரில் எழுதிக்கொள்ளட்டுமே, அஞ்சு மாசம்தானே. இதெல்லாம் அன்றைக்கு மனசு எடுத்துக்கொடுத்த சமாதானம். இன்னொன்றும் உண்டு, அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. தங்கபாய் சர்ச்சுக்குப் போகிறவள். பிள்ளையார் தன் சாமி இல்லை, அவர் முன்னால் செய்கிற தில்லுமுல்லு தன் கணக்கில் ஏறாது என்று ஒரு அசட்டுத் தைரியம்.

நாச்சியார் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. வேலுத்தாய் வாங்கிப் பிரித்து, "தங்கபாய்" என்று படித்தாள். அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள். தங்கபாய் மட்டும் பின்தங்கி, மற்றச் சீட்டை எடுக்கப் பிள்ளையார் மேடையில் கையை வைத்தாள். அங்கே திருநீறும் காய்ந்த செம்பருத்தியும்தான் இருந்தன. சீட்டு இல்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளே தவிர, நம்பவில்லை.

மறுநாள் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் 1147 மேசை காலியாக இருந்தது. அரை மணி தாமதமாக வந்தாலும் அனுமதி உண்டு என்பது விதி. அதனால் ஆள் வராத மேசையிலும் வினாத்தாளையும் விடைத்தாளையும் வைத்து, பறக்காமல் ஒரு சாக்பீஸை மேலே வைப்பார்கள். பத்தரை ஆனதும் அறைக் கண்காணிப்பாளர் அவற்றை எடுத்துக்கொண்டு, பட்டியலில் சிவப்பு மையால் ஆப்சென்ட் என்று எழுதுவார். அன்றும் எழுதினார். மதியம் இரண்டு மணிக்கு ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் தங்கபாய்க்குச் சேதி தெரிந்தது. மில்லில் அடுக்கி வைத்திருந்த பஞ்சுப் பேல் மூட்டைகள் சரிந்து, தண்ணீர் குடிக்க அந்தப் பக்கமாகப் போன வேலுத்தாய் மேல் விழுந்துவிட்டன. மணி பத்தரை இருக்கும் என்றார்கள்.

அந்தத் தாள் நாலு மார்க்கில் போயிற்று. மற்ற தாள்களை அந்தந்த வருஷத்தில் எப்படியோ கரையேற்றினாள். அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுத, ஆகஸ்டில் தன் ஒரு படிவத்தை மட்டும் நிரப்பி அனுப்பினாள். சலான் இணைக்கப்படவில்லை என்று திரும்பி வந்தது. அவள் தன் கையாலேயே குண்டூசி குத்தி இணைத்திருந்தாள். அங்கே எந்தக் குமாஸ்தா எதைத் தவறவிட்டானோ. ஆனால் தங்கபாய் குமாஸ்தாவை நினைக்கவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த வேலுத்தாய் படங்களில் ஒன்றை எடுத்து, அவளுடைய படிவத்தையும் நிரப்பி, இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினாள். பத்தே நாளில் இரண்டு ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டன. அதற்குப் பிறகு ஒற்றைப் படிவம் அனுப்ப அவளுக்கு நெஞ்சு வரவில்லை. வேலுத்தாய் வீட்டாரும் பல்கலைக்கழகத்துக்கு எதையும் தெரிவித்திருக்கவில்லை. அங்கே வேலுத்தாய் இன்னும் ஒரு தாள்கூடத் தேறாத இரண்டாம் ஆண்டு மாணவிதான்.

ஐந்து தடவை இப்படி நடந்தது. ஐந்து தடவையும் அதே பள்ளிக்கூடம், ஜன்னலில் அதே ஆண்டாள் கோயில் கோபுரம், அதே கண்காணிப்பாளர் ஆவுடையப்பன் சார். பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சோடாப்புட்டிக் கண்ணாடி. அவருக்கு முகம் ஒன்றும் மனசில் தங்காது, நம்பர் மட்டும் தங்கிவிடும். காலி மேசையைப் பார்த்து, "பதினொண்ணு நாப்பத்தேழு இன்னைக்கும் வரலையா? எதுக்குத்தான் பணத்தக் கட்டுதாகளோ" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார்.

தங்கபாய் முதல் அரை மணி நன்றாகத்தான் எழுதுவாள். அந்த அரை மணியில் மின்விசிறிக் காற்றுக்குப் பின்மேசைத் தாள் படபடக்கும். காற்றுத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒருத்தி வினாத்தாளைப் புரட்டிப் பார்த்து, ஒன்றும் தெரியாமல் பேனாவை மூடித் திறந்து, மெதுவாக முன்னால் குனிகிற மாதிரியே இருக்கும். எந்நேரமும் தலையில் தேய்த்திருக்கிற தேங்காயெண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடை வரும். பத்தரைக்கு ஆவுடையப்பன் சார் நம்பரைச் சொல்லி ஆப்சென்ட் போடும்போது, பிடரிக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கும்.

"ஏட்டி, இன்னொரு சீட்டுல என்னட்டி எழுதியிருந்த?"

அதற்குமேல் ஒரு வரி ஓடாது. மீதி இரண்டரை மணி நேரமும் தலைப்பையே திரும்பத் திரும்ப எழுதி, அடிக்கோடு போட்டு, அடிக்கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டுக்கொண்டிருப்பாள். அந்த மற்றச் சீட்டை வேலுத்தாய் பார்த்தாளா இல்லையா, இதுதான் அவளைத் தின்றது. பார்க்காமல் செத்திருந்தால் அது வஞ்சனை. பார்த்துவிட்டுச் செத்திருந்தால்? அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

1990 பிப்ரவரியில் வந்த உறைக்குள் ஒரு அச்சடித்த சீட்டும் இருந்தது. பழைய பாடத்திட்டத்துக்கு இதுவே கடைசி வாய்ப்பு. மே மாதத் தேர்வில் தேறாதவர்கள் மறுபடியும் முதலிலிருந்து சேர வேண்டும்.

தங்கபாய் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் இருமினாள். அந்த இருமலுக்கும் இந்தச் சீட்டுக்கும் சம்பந்தம் உண்டு. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, இந்தப் பிரிவில் இருந்தால் நாற்பது வயதைத் தாண்டமாட்டாய் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆயிற்று. டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்க்கிற பொன்னுராஜ் ஜூனில் ஓய்வு பெறுகிறார். தூசி எட்டாத கண்ணாடி அறை, மேசை, நாற்காலி. "டிகிரி வாங்கினேன்னு ஒரு காயிதத்தக் காட்டும்மா, பொன்னுராஜ் சீட்டுல ஒன்னைய ஒக்கார வைக்கிறது எம் பொறுப்பு" என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு தாள். அது தேறினால் மூச்சு விடலாம்.

இந்த நேரம் பார்த்துப் படம் தீர்ந்துபோயிருந்தது. ஏழில் இரண்டு, வேலுத்தாய் உயிரோடு இருந்தபோது செலவாயின. மிச்சம் ஐந்தும் ஐந்து படிவங்களோடு போய்விட்டன. ஸ்டுடியோக்காரர் நெகட்டிவ் இல்லை என்று கையை விரித்துவிட்டார். வேலுத்தாய் வீட்டில் இருக்கிற அந்த ஒரு பிரதியை விட்டால் வேறு வழியில்லை. துக்கத்துக்குப் போனதோடு சரி, மூன்று வருஷமாகத் தங்கபாய் வேலுத்தாயின் ஊரான சோழபுரம் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறினாள்.

வேலுத்தாயின் அம்மா குருவம்மாள் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததும் அழுவாள், ஏசுவாள் என்று என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டு வந்தவளைப் பார்த்து, "மூணு வருசமாச்சாட்டி ஒனக்கு வழி தெரிய?" என்றாள். அவ்வளவுதான். மோர் கொடுத்தாள். இருமலைக் கேட்டுவிட்டு, "இதென்னட்டி இம்புட்டு இருமுத?" என்றாள்.

"தூசி, அத்தை. அத்தை, வேலு போட்டோ ஒண்ணு ஒங்ககிட்ட இருந்துச்சுல்லா. அது வேணும்."

"எதுக்கு?"

தங்கபாய் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். குருவம்மாள் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பாடப் புத்தகங்கள். பெட்டி மூடியின் உள்பக்கம் அந்தப் படம், நாலு பக்கமும் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது.

"பிச்சா கிழிஞ்சிரும் தாயி. எம் மவ மொகம் இந்த வீட்டுல இது ஒண்ணுதான். வேற எது வேணும்னாலும் கேளு, தாரேன்."

அதற்குமேல் யார்தான் கேட்பார்கள்? தங்கபாய் சும்மா இருக்க மாட்டாமல் மேலே கிடந்த புத்தகத்தை எடுத்தாள். ஐரோப்பிய வரலாறு. நடுவில் தானாகவே திறந்துகொண்டது. அந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டு இருந்தது. நாலாக மடித்துப் பிரித்த தழும்பு, ஓரத்தில் எண்ணெய்க் கறை, கொஞ்சம் திருநீறு. தன் சொந்தக் கையெழுத்தில் தன் சொந்தப் பெயர்.

"அதுவா? அந்த வெள்ளிக்கெழம சாந்தரம் அவ கொண்டுவந்து வச்சது" என்றாள் குருவம்மாள், மிளகாயைக் கிளறிக்கொண்டே. "என்னட்டி துண்டுன்னு கேட்டேன். சாமிகிட்ட சீட்டுப் போட்டோம்மா, சாமி ரெண்டு தடவையும் தங்கத்தையே சொல்லிட்டாருன்னு சிரிச்சா. பொறவு அத இந்தப் புத்தகத்துக்குள்ள சொருவுனா. என்னன்னு கேட்டதுக்கு, அவ நல்லாப் படிச்சிருக்காம்மா, அவளே போட்டும், நான் அக்டோபருல எழுதிக்கிடுதேன்னா. காலையில சீக்கிரமே சோத்தக் கட்டிட்டு வேலைக்குப் போயிட்டா."

தங்கபாய் அந்தத் துண்டை அது இருந்த பக்கத்திலேயே வைத்துப் புத்தகத்தை மூடினாள். மூன்று வருஷமாகப் பிடரிக்குப் பின்னால் கேட்ட கேள்வியை வேலுத்தாய் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருந்ததில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். சிரித்தாளாமே. திரும்பி வருகிற பஸ்ஸில் தங்கபாய் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

படிவம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கியது. வேலுத்தாயின் படிவத்தில் படம் ஒட்டுகிற கட்டம் காலியாகக் கிடந்தது. காலியாக அனுப்பினால் திரும்பி வரும், கூடவே தன்னுடையதும் வந்துவிடும் என்ற பயம். தன் படத்தில் ஒன்றை எடுத்து அந்தக் கட்டத்தில் ஒட்டினாள். கட்டம் நிரம்பினால் போதும், வேறு எண்ணம் எதுவும் தனக்கு இல்லை என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டாள். சான்றொப்பம் கால்நடை மருத்துவரிடம். அவர் ஒரு எருமைக்கு ஊசி போட்டுவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பச்சை மையில் இரண்டு கையெழுத்துப் போட்டார். இரண்டு பெயர், ஒரே முகம். மாடாக இருந்திருந்தால் ஒருவேளை உற்றுப் பார்த்திருப்பார். படிவத்தின் கீழ்ப்பாதி முத்திரை குத்தப்பட்டு ஹால் டிக்கெட்டாகத் திரும்பி வந்தது. இப்போது அவளிடம் இரண்டு ஹால் டிக்கெட், இரண்டிலும் அவளேதான் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

மே மாதம், சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கே தார் ரோடு இளகுகிற வெயில். ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் மேசைகளில் சாக்பீஸால் நம்பர் எழுதியிருந்தார்கள். கடைசி வாய்ப்பு என்பதால் கூட்டம் அதிகம். காக்கிச் சட்டையோடு ஒரு கண்டக்டர், கைக்குழந்தையை வெளியே மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்த ஒருத்தி, நரைத்த மீசையோடு ஒரு தபால் ஆபீஸ்காரர். தங்கபாய் 1146க்கும் 1147க்கும் நடுவில் நின்றாள். படித்தது அத்தனையும் தலைக்குள் தெளிவாக இருந்தது. முன்மேசையில் உட்கார்ந்து எழுதினால் ஜூனில் கண்ணாடி அறை. மூச்சு. நாற்பது வயதுக்கு மேலேயும் ஒரு ஆயுசு.

மணி அடித்தது. ஆவுடையப்பன் சார் விடைத்தாள் கட்டோடு உள்ளே வந்து, "ஒக்காருங்க, அவுங்கவுங்க எடத்துல ஒக்காருங்க" என்றார்.

அவுங்கவுங்க இடம். பிள்ளையார் முன்னால் நியாயமாக ஒரு சீட்டில் எழுதியிருக்க வேண்டிய பெயர் எதுவோ, அந்தப் பெயருக்கு உரிய இடம் எது என்று தங்கபாய்க்கு அந்தக் கணம் சந்தேகம் இல்லாமல் தெரிந்தது. தன் ஹால் டிக்கெட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பின்மேசையில் உட்கார்ந்தாள்.

ஆவுடையப்பன் சார் வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். ஹால் டிக்கெட்டை மூக்கு வரை கொண்டுபோய்ப் படத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். நம்பரைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

"பதினொண்ணு நாப்பத்தேழு! வேலுத்தாயி! ஆறு தடவ ஒனக்கு ஆப்சென்ட் போட்ட கை இது. ஒருவழியா வந்துட்டியாம்மா!"

"வந்துட்டேன், சார்" என்றாள். குரல் தன்னுடையதாக இல்லை.

"நல்லது, நல்லது. நல்லா எழுது." முன்மேசையைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்தார். "பதினொண்ணு நாப்பத்தாறு எங்க? தங்கபாய்ன்னு ஒரு பொண்ணு, ஒரு தடவகூடத் தவறாம வருமே. கடைசி வாய்ப்ப விட்டுட்டு எங்க போச்சு?"

அவர் காலி மேசையில் வினாத்தாளையும் விடைத்தாளையும் வைத்து, சாக்பீஸை மேலே வைத்துவிட்டுப் போனார்.

முதல் கேள்வி பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள். அவள் எழுதத் தொடங்கினாள். எழுத்து இடப்பக்கமாகச் சாய்ந்தது. அதற்கு அவள் முயற்சி எதுவும் எடுக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுப் போட்டுக் கை பழகியிருக்கலாம். மூன்று வருஷமாக எங்கே போயிருந்தன என்று தெரியாத வரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. தேங்காயெண்ணெய் வாடை வந்தது. இந்தத் தடவை பின்னாலிருந்து வரவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது முன்மேசைத் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. சாக்பீஸ் உருண்டு விளிம்பில் நின்றது. அங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், தலைப்புக்கு அடிக்கோடு போட்டபடி, பின்னால் எழுதுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருக்கிறாள் என்று தங்கபாய்க்குத் தோன்றியது. ஆறு தடவை தான் அங்கே எப்படி உட்கார்ந்திருந்தோம் என்று பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. அவள் மேல் பரிதாபமாக இருந்தது.

பத்தரை ஆயிற்று. சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. ஆவுடையப்பன் சார் வந்து தாள்களை எடுத்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"பதினொண்ணு நாப்பத்தாறு. தங்கபாய். ஆப்சென்ட்."

நெஞ்சின் மேல் ஏதோ சரிந்து விழுந்த கனம். மூச்சு ஒரு கணம் நின்றது. எங்கேயோ பஞ்சுக்குள் புதைந்த மாதிரி எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது. பிறகு கண்டக்டர் தொண்டையைக் கனைத்தார், யாரோ "அடிஷனல், சார்" என்று கேட்டார்கள். தங்கபாய் கீழே பார்த்தாள். பேனா நிற்காமல் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு மணி அடிக்கும் வரை எழுதினாள். நாலு கூடுதல் தாள் வாங்கினாள். அந்த மூன்று மணி நேரமும் ஒரு தடவைகூட இருமவில்லை.

ஜூனில் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். "என்னம்மா ஆச்சு?"

"அன்னைக்குப் போவலை, சார்."

"கடைசி சான்ஸுன்னு நீதானம்மா சொன்ன? போவலைன்னா?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. பொன்னுராஜ் சீட்டில் தென்காசிக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தங்கபாய் முக்காட்டை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு ரீலிங் மிஷினுக்குத் திரும்பினாள். வருத்தம் இல்லாமல் இல்லை. கண்ணாடி அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிறு எரிந்தது. அவள் ஒன்றும் புனிதவதி இல்லை.

ஆகஸ்டில் இரண்டு பழுப்பு உறைகள் வந்தன. ஒன்றில் தங்கபாய், மூன்றாம் தாள், வரவில்லை. இன்னொன்றில் வேலுத்தாய், மூன்றாம் தாள், அறுபத்து நான்கு, தேர்ச்சி. முதல் உறையை அடுப்பில் போட்டாள். இரண்டாவதை எடுத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை சோழபுரத்துக்குப் பஸ் ஏறினாள்.

குருவம்மாள் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். தங்கபாய் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னட்டி போட்டுருக்கு இதுல?"

"வேலுத்தாய்ன்னு பேரு போட்டுருக்கு, அத்தை. மூணாவது பரிச்சைல பாஸுன்னு போட்டுருக்கு. அறுபத்தி நாலு மார்க்கு."

குருவம்மாள் காகிதத்தில் பெயர் இருக்கிற இடம் எது என்று கேட்டு, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டாள். பிறகு தங்கபாயின் முகத்தைப் பார்த்தாள், படிக்கத் தெரிந்தவள் ஒரு எழுத்தைக் கூட்டிப் பார்ப்பது போல.

"அப்ப எம் மவ அந்தச் சனிக்கெழம பரிச்சைக்குத்தான் போயிருக்கா."

"ஆமா, அத்தை. பரிச்சைக்குத்தான் போயிருக்கா."

"நீ எங்கட்டி போயிருந்த?"

தங்கபாய்க்கு இருமல் வந்தது. அது அடங்கும் வரை குருவம்மாள் காத்திருந்தாள்.

"நான் மில்லுல நின்னுக்கிட்டேன், அத்தை" என்றாள் தங்கபாய்.

குருவம்மாள் தகரப் பெட்டியைத் திறந்து, அந்தத் துண்டு இருந்த பக்கத்திலேயே மார்க்குத் தாளையும் மடித்து வைத்தாள். பெட்டியை மூடிவிட்டு, மோர் கொண்டுவர உள்ளே போனாள்.